கைப்பிடி இல்லாத குக்கர்

அன்று காலை வசந்தா பாதித் தலையை மட்டும் வாரிக்கொண்டு காபி குடிக்க வந்தாள். வலப்பக்கம் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. இடப்பக்கம் படுக்கையிலிருந்து எழுந்த கோலத்திலேயே இருந்தது. "ஏம்புள்ள, மீதிய ஆரு வாருவா?" என்றேன். "முழுசாத்தானுங்க வாரியிருக்கறேன்" என்றாள் என் மனைவி. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் அவள் இடது கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புனேயில், வாகட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை பக்கம்தான். ஆனால் ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்குக்குப் போகிற கம்பெனி கார்கள் அத்தனையும் அந்த நேரத்தில்தான் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆட்டோவில் எல்லாரையும் திட்டிக்கொண்டே போனேன்.

ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது) என்றார்கள். இடது கையும் காலும் பயிற்சியில் மெல்லத் தேறும் என்றார் டாக்டர். பெரிய சிக்கல் இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும், இடப்பக்கம் இருப்பதை மூளை கணக்கிலேயே எடுக்காமல் விடுவது) என்றார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்திருந்தால் நான் சொல்வது புரியும். தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு ஏனுங்க இத்துனூண்டு வெச்சீங்க?" என்று கேட்பாள். மீதி இருக்கிறது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அது பிடிவாதம் இல்லை, அவளுடைய உலகம் அவளுக்கு முழுசாகத்தான் இருந்தது. இதை நான் புரிந்துகொள்ள வெகுநாளாயிற்று. புரிந்த பிறகும் எரிச்சல் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் உட்காரச் சொன்னார் டாக்டர். அப்படியாவது அந்தப் பக்கம் பார்க்கப் பழகுவாளாம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவள் வலப்பக்கச் சுவரைப் பார்த்து, "ஏனுங்க, எங்க போயிட்டீங்க?" என்று கூப்பிடுவாள். பதில் சொன்னால் இன்னும் வலப்பக்கம் திரும்பித் தேடுவாள். கல்யாணமான நாள் முதல் கூடவே இருந்தவனுக்கு இது எப்படி இருக்கும்? அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

வசந்தா பள்ளியில் ஓவிய ஆசிரியை. கோயம்புத்தூரிலிருந்து என்னோடு புனே வந்த புதிதில் சேர்ந்தவள். மராத்தியையே வகுப்புப் பிள்ளைகளிடம்தான் கற்றுக்கொண்டாள். எந்தப் பிள்ளையின் தாளிலும் அவள் பென்சில் பட்டதில்லை. தப்பாக வரைந்தால், "போய் மறுபடி பார்த்துட்டு வா" என்று அனுப்புவாள், அவ்வளவுதான். கண்காட்சி என்றால் மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளின் படங்களைத் தாங்களே திருத்திப் பளபளவென்று ஒட்டுவார்கள். இவள் சுவரில் மட்டும் மூன்று கால் யானையும் வீட்டைவிடப் பெரிய காக்கையும் இருக்கும். பெற்றோர் முகம் சுளித்தார்கள், தலைமையாசிரியை கூப்பிட்டுக் கண்டித்தார். "நான் கை வெச்சா அது என்ற படமாயிரும். அப்பறம் அந்தப் பையனுக்குப் பேப்பர் எதுக்குங்க?" என்று என்னிடம் கேட்பாள்.

அப்படிப்பட்டவளுக்குப் பயிற்சி தரும் பெண் வாத்துப் படம் போட்ட வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கொடுத்தாள். வசந்தா அதை மூடி வைத்துவிட்டாள். வரைவதற்குச் சமையல்கட்டிலிருந்து எதையாவது கொண்டுவரச் சொன்னாள். குக்கரைக் கொண்டுவந்து, கைப்பிடி இடப்பக்கம் வரும்படி வைத்தேன்.

மறுபடி வகுப்புக்குப் போக வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வீட்டில் வரைந்ததைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டு அரைநாள் வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கலாம் என்றார் டாக்டர். தினமும் குக்கர் வரைந்தாள். வலது கைதானே, கோடு கம்பீரமாக வரும். ஆனால் பாதிப் பாத்திரம்தான் வரும். "கைப்பிடி எங்க புள்ள?" என்பேன். "இருக்குதுங்களே" என்பாள். கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லியும், கத்தியும் பார்த்துவிட்டேன்.

டாக்டரிடம் போகும் அன்று காலை, அவள் குளிக்கப் போயிருந்தபோது, மீதிக் குக்கரையும் கைப்பிடியையும் நானே வரைந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஆனாலும் முழுசாக இருந்தது. அவள் கண்ணுக்குத்தான் அந்தப் பக்கம் தெரியாதே என்று தைரியம்.

டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். எதிரே இருந்தவளுக்குப் படம் தலைகீழாயிற்று, கைப்பிடி அவளுடைய வலப்பக்கம் வந்துவிட்டது. இதை நான் யோசிக்கவில்லை.

"இது என்ற கோடு இல்லீங்க. ஆரு கை வெச்சது?"

நான் தாளை எடுத்து மடிக்கப் பார்த்தேன்.

"நீங்களா? நாலு வயசுப் புள்ளைக்குக் குடுத்த மரியாதைய எனக்குக் குடுக்க மாட்டீங்களா?"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. வசந்தா ரப்பர் கேட்டு வாங்கி, நான் வரைந்ததை அழுத்தித் தேய்த்து அழித்தாள். பிறகு தாளைத் தானே நேராகத் திருப்பினாள். அழித்த இடம் இப்போது இடப்பக்கம் போய்விட்டது. வெகுநேரம் பார்த்தாள். "இங்கதான அழிச்சேன்? இப்ப அந்த எடத்தையே காணோமுங்களே" என்றாள். அப்புறம் அழுதாள். ஏதோ இல்லை என்று அவள் ஒத்துக்கொண்டது அன்றுதான். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் தர வேண்டிய கடிதம் அன்று கிடைக்கவில்லை.

அதன் பிறகு வரைந்து முடித்ததும் தாளைத் தானே திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் குக்கருக்குக் கோணலாக ஒரு கைப்பிடி முளைத்தது. ஒருநாள் கூப்பிடாமலேயே இடப்பக்கம் திரும்பி, "ஏனுங்க, இங்கியேதான் இருக்கறீங்களா?" என்றாள்.

அரைநாள் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தது. இந்தமுறை பயிற்சி, மருந்து எதற்கும் வேலை இருக்கவில்லை. யாரைத் திட்டுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்குக் காலம் நகர்கிற மாதிரியே தெரியவில்லை. இப்போதும் சோபாவில் இடது ஓரமாகத்தான் உட்காருகிறேன். உடம்பு அப்படிப் பழகிவிட்டது. அவளுக்குப் பாதி உலகமே போயிற்று, போனது தெரியாமல் நிம்மதியாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். அந்த உபகாரத்தை என் மூளை எனக்குச் செய்ய மாட்டேன் என்கிறது. என் வலப்பக்கம் ஆளில்லை என்பது கண்ணை மூடினாலும் எனக்குத் தெரிகிறது.