ஏற்காட்டில் மூன்று நாள், மூன்று வகை நகம்

ஏற்காட்டைப் பற்றி எழுதினால் ஏரியையும் படகையும் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நான் அந்த மலைக்கு இரண்டு முறை ஏறியிருக்கிறேன். இரண்டும் செயற்கை நகம் ஒட்டும் தொழில் சம்பந்தமாகத்தான். முதல் முறை கற்றுக்கொள்ளப் போனேன். இரண்டாம் முறை சண்டை போடப் போனேன். பார்லர் வைத்திருக்கும் பெண்கள் இன்றைக்கும் மலை ஊர்களில் நடக்கும் குறுகிய வகுப்புகளுக்குப் பெட்டி கட்டுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் வழித் தகவல் உண்டு. நடுநடுவே என் எரிச்சலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் நானும் என் கணவரின் தங்கை மல்லிகாவும் சேர்ந்து ஒரு சின்ன பியூட்டி பார்லர் நடத்தி வந்தோம். புருவம் திருத்துவது, ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்த பிறகு கல்யாணப் பெண்கள் நீள நகம் கேட்க ஆரம்பித்தார்கள். கடையில் கிடைத்த பிளாஸ்டிக் நகத்தை ஒட்டி அனுப்பினால் பந்தியில் சோற்றோடு கழன்று வந்தது. இரண்டு மணப்பெண்களின் அம்மாக்களிடம் திட்டு வாங்கிய நேரத்தில்தான் அந்த நோட்டீஸ் வந்தது. பம்பாயிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருகிறார், ஏற்காட்டில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் வகுப்பு, நகம் ஒட்டும் எல்லா சிஸ்டமும் சொல்லித் தரப்படும், முடிவில் சான்றிதழ்.

சிஸ்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: அக்ரிலிக் என்பது ஒரு பொடியையும் ஒரு திரவத்தையும் பிரஷ்ஷில் சேர்த்து நகத்தின் மேல் வைத்து இறுக விடுவது. ஜெல் என்பது பசையைத் தடவி, ஒரு விளக்கின் அடியில் கையை வைத்துக் கெட்டியாக்குவது. சில்க் ராப் என்பது மெல்லிய பட்டுத் துணித் துண்டை நகத்தில் ஒட்டி, அதன் மேல் பசை பூசி வழவழப்பாகத் தேய்ப்பது. மூன்றுக்கும் மூன்று கைப்பழக்கம் வேண்டும்.

ஜூலை மாதம். காலை ஏழரைக்கு சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சாதாரணச் சாலை. அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். மல்லிகா சாப்பிடாமல் வந்து ஏழாவது வளைவில் என் தோளில் சாய்ந்துவிட்டாள். சாய்ந்தபடியே பேச்சை ஆரம்பித்தாள்.

“அண்ணி, நமக்கு எதுக்குங்க மூணும்? ஒன்னு நல்லாத் தெரிஞ்சாப் போதாதுங்களா?”

“ஜெல் கேட்டு வர்றவகிட்ட எனக்கு அக்ரிலிக் மட்டுந்தான் தெரியும்னு சொன்னா, அவ அடுத்த பார்லருக்குப் போயிருவா. அப்பறம் புருவத்துக்குக்கூட நம்மகிட்ட வரமாட்டா.”

“அதுக்காக? டாக்டருங்களே கண்ணுக்கு ஒருத்தரு, காதுக்கு ஒருத்தருன்னு இருக்காங்க.”

“நீ பேசாம தூங்கு. எல்லாத்தையும் கத்துக்கிட்டாத்தான் இந்தத் தொழில்ல நிக்க முடியும்.”

அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

ஹோட்டல் ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. நல்ல அறை, சுடச்சுடத் தண்ணீர், சுமாரான சாப்பாடு. ஜூலையில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மதியமே மூடுபனி இறங்கி எதிரே வரும் ஆள் தெரியாது. எங்கள் வகுப்பு கீழ்த்தளத்தில் ஒரு நீளமான அறையில். பதினாறு பேர் இருந்தோம். ஆத்தூர், நாமக்கல், தர்மபுரி என்று பல ஊர்ப் பெண்கள். பயிற்சியாளரை எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டோம். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண். கை வேகமென்றால் அப்படி ஒரு வேகம். குளிருக்காக எல்லா ஜன்னலையும் சாத்தச் சொன்னார்.

முதல் நாள் அக்ரிலிக். அந்தத் திரவத்தின் நெடி மூக்கு வழியாகத் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பதினாறு கிண்ணங்கள், சாத்திய அறை. மல்லிகா மதியத்துக்குமேல் தலைவலி என்று எழுந்து போனவள், ஒண்டிக்கடை முக்கில் ஒரு ஜீப் பிடித்து வைத்திருந்தாள். மாலை வகுப்பு முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கரடியூர் காட்சி முனைக்குப் போனாள். ஜீப்காரர் நாகலூர்க்காரர், சிரித்த முகம். கிளம்பிய ஐந்து நிமிஷத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, பெயிண்ட் அடிக்கிற வேலைக்கா வந்துருக்கீங்க? வண்டி பூரா நாத்தமுங்க.”

“நகம் ஒட்டப் படிக்கறோமுங்க” என்றாள் மல்லிகா.

“நகமுங்களா? அது தானா வளருமுங்களே!” என்றவர், மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காற்று வரட்டும் என்று ஜீப்பின் படுதாவைச் சுருட்டிக் கட்டினார். கரடியூரில் அன்று பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. வானம் தெளிந்த நாளில் போங்கள், கீழே சமவெளி விரிந்து கிடக்கும் என்கிறார்கள். நான் இன்னும் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் ஜெல். மூன்றாம் நாள் சில்க் ராப். மல்லிகா பாதி நேரம் வெளியே திரிந்தாள். நான் ஒரு நிமிஷம்கூட எழுந்திருக்கவில்லை. முதல் நாள் போட்ட அக்ரிலிக்கைக் கரைத்து எடுக்க நேரமில்லை என்று நெம்பி எடுத்துவிட்டு, அதே விரலில் ஜெல் போட்டோம். அதையும் தேய்த்து எடுத்துவிட்டுப் பட்டுத் துணி ஒட்டினோம். மூன்றாம் நாள் காலையில் என் இரண்டு கட்டை விரல்களின் ஓரத்திலும் அரிப்பு. மேடத்திடம் காட்டினேன்.

“மலைக்குளிர். வாஸ்லின் தடவுங்க” என்றார்.

தடவினேன். மாலையில் சான்றிதழ் வாங்கினேன். எல்லா சிஸ்டத்திலும் தேர்ச்சி என்று அதில் இருந்தது. மல்லிகாவுக்கும் அதே சான்றிதழ். அவள் இருந்த நேரத்தையும் நான் இருந்த நேரத்தையும் யாரும் பார்க்கவில்லை.

சேலம் திரும்பி ஒரு மாதம் ராஜ்ஜியம் நடத்தினேன் என்றே சொல்ல வேண்டும். திங்கள் அக்ரிலிக், செவ்வாய் ஜெல் என்று வருகிறவர்கள் கேட்டதைப் போட்டேன். இரண்டு எஸ்டேட் பங்களாக் கல்யாணங்கள் எனக்கு வந்தன. அரிப்பும் கூடவே வந்தது. ஐந்தாவது வாரத்தில் பத்து விரல் நுனியும் கொப்புளித்து நீர் வடிந்தது. இமை வீங்கிக் கண் திறக்கவில்லை. சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். தோல் டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எதும்மா உங்களுக்கு ஒத்துக்கலை?”

“தெரியலைங்க டாக்டர். மூணையும் மூணே நாள்ல தொட்டேன். அப்பறமும் மாத்தி மாத்திச் செய்யறேன்.”

“அப்ப எதுன்னு நான் எப்படிம்மா சொல்றது? மூணையும் விட்டுடுங்க. திரும்பத் தொட்டா இதைவிட மோசமா வரும்.”

ஒவ்வொன்றாகக் கற்றிருந்தால் எது என்னைக் கடித்தது என்று தெரிந்திருக்கும். மற்றதை வைத்துப் பிழைத்திருப்பேன். பட்டுத் துணி ஒட்டும் பசை வேறு வகை, பலருக்கு அது மட்டும் ஒத்துக்கொள்ளும் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அதற்குள் எல்லாம் கைவிட்டுப் போயிருந்தது.

மல்லிகா முதலில் நன்றாகத்தான் நடந்துகொண்டாள். எனக்குத் தலை சீவி விட்டாள், துணி துவைத்துப் போட்டாள். வாடிக்கை போகக் கூடாது என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் தள்ளி நின்று நான் வாயால் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பில் கவனிக்காதவள் என் வாயிலிருந்து மூன்றையும் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை ஆகவில்லை. ஒரே வீட்டில் ஒரே சோப்புப் போட்டுக் கை கழுவியவர்கள் நாங்கள்.

மறு வருஷம் ஜூலையில் அதே நோட்டீஸ், அதே ஹோட்டல். மல்லிகா ஆத்தூரில் சிநேகிதி வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு முந்தின நாளே போயிருந்தாள். என் விரல் நுனிகள் அப்போதும் ஆறாமல் வெடித்து உரிந்துகொண்டிருந்தன. நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். மேடத்தைப் பார்க்க வேண்டும், புதிதாக வந்திருக்கும் பெண்களிடம் என் கையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. இம்முறை வளைவுகளையும் பார்க்கவில்லை, காப்பித் தோட்டங்களையும் பார்க்கவில்லை.

அறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. இருபதுக்கும் மேல் பெண்கள். முன் மேஜையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பிரஷ்ஷைத் திரவத்தில் நனைத்துக் காட்டிக்கொண்டிருந்தது மல்லிகா.

என்னைப் பார்த்ததும் அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். மேடம் எழுந்து வந்து என்னை வராந்தாவுக்கு நடத்திக்கொண்டு போனார். “கை எப்படி இருக்கு சுமதி?” என்றார், உண்மையான அக்கறை மாதிரியே.

“நீங்களே பாருங்க மேடம். இதை அவங்களுக்கும் காட்டறேன். ஜன்னலைத் திறந்து வையுங்க. மூணையும் மூணு நாள்ல திணிக்காதீங்க. அரிச்சா நிறுத்தணும்னு சொல்லிக் குடுங்க.”

“எங்கயோ ஒருத்தருக்கு இப்படி ஆகும். அதுக்காக எல்லாரையும் பயமுறுத்த முடியுமா? மூணும் இல்லைன்னா யாரும் மலை ஏறி வரமாட்டாங்க.”

மல்லிகா பின்னாலேயே வந்து நின்றாள். “அண்ணி, எதுவானாலும் ஊட்டுல பேசிக்கலாமுங்க. இங்க வேண்டாமுங்க.”

“ஊட்டுல நீ ஆத்தூர் போறேன்னு சொன்னயே?”

அவள் தலை குனியவில்லை. “எல்லாத்தையும் கத்துக்கிட்டாத்தான் நிக்க முடியும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நான் நிக்கறேன். உங்களுக்கு நொம்பக் கஷ்டந்தான், எனக்குத் தெரியுமுங்க. அதுக்காக நானும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரோணுமா?”

நான் பதில் சொல்வதற்குள் மேடத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கழிவறையிலிருந்து வந்த ஒரு பெண், நாமக்கல்காரி, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் போல, என் விரல்களை எட்டி நின்று பார்த்தாள்.

“தொத்துமுங்களாக்கா?”

“தொத்தாது கண்ணு.”

“அப்ப நான் எதைத்தானுங்க கத்துக்கறது?”

“ஒன்னை எடுத்துக்க. ஆறு மாசம் அதையே செய்யி. கை ஏத்துக்கிட்டா அடுத்ததுக்குப் போ. போடறதுக்கு முன்னாடி கழட்டக் கத்துக்க.”

“மூணு நாள்தானுங்களேக்கா இருக்கு” என்றாள். பாவம் என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, கதவைத் தட்டி உள்ளே போனாள்.

அன்று இரவு கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றிலிருந்து தலை நிமிராமல், “அவளாவது பொழைக்கட்டும் உடு” என்றார். ‘அவளாவது’ என்ற சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டு மாதத்தில் மல்லிகா நாலு ரோடு பக்கம் தனியாகக் கடை போட்டாள். நகம் கேட்டு வந்தவர்கள் எல்லாம் அங்கே போனார்கள். எனக்குப் புருவமும் மணப்பெண் அலங்காரமும் மிஞ்சின. பிறகொரு நாள் பல் கட்டப் போனேன். பல்செட் செய்கிற பொருளும் அக்ரிலிக் குடும்பம்தான் என்று அந்த டாக்டர் தயங்கி, வேறு பொருள் தேடினார். ஒரு மூன்று நாள் எவ்வளவு நீளத்துக்குத் துரத்துகிறது பாருங்கள்.

நகத் தொழில் செய்கிற பெண் எல்லா சிஸ்டமும் கற்க வேண்டுமா? தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். வந்து உட்காருகிறவள் விரலில் என்ன இருக்கிறது, அதை எப்படி நகம் கிழியாமல் எடுப்பது என்று தெரியாமல் யார் கையையும் தொடக் கூடாது. ஆனால் தெரிந்து வைப்பது வேறு, அத்தனையையும் ஒரே மூச்சில் சொந்தக் கையில் பூசிக்கொள்வது வேறு. வாடிக்கையை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் படித்தால் எல்லாவற்றையும் படிக்கத் தோன்றும். அந்தப் பயத்தை வைத்துத்தான் வகுப்பும் நடத்துகிறார்கள்.

ஏற்காடு போகிறவர்களுக்கு: தெளிந்த வானம் வேண்டுமானால் மழைக்காலம் முடிந்து டிசம்பர், ஜனவரியில் போங்கள், காப்பிப் பழம் பறிக்கும் காலம். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அறை கிடைக்காது. ஒண்டிக்கடையில் ஜீப் பேசும்போது கரடியூரும் தலைச்சோலைக் கோயிலும் சேர்த்தே பேசிவிடுங்கள். கடைசி பஸ்ஸை நம்பி இருக்காமல் இருட்டுவதற்குள் மலை இறங்குங்கள்.

வகுப்புக்குப் போகிறவர்களுக்கு: ஜன்னல் இருக்கிறதா பாருங்கள். திரவம் தோலில் படாமல் வைக்கச் சொல்லித் தருகிறார்களா பாருங்கள். அரித்தால் அன்றே நிறுத்துங்கள், சான்றிதழ் போனால் போகட்டும். சேருவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எனக்கு ஒத்துக்காமப் போனா நான் யார்கிட்ட வர்றது?” பதில் சொல்கிறவர்களிடம் படியுங்கள். நான் போய்க் கேட்ட அன்று அந்த அறைக்குள் பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி என் வீட்டுப் பெண்.