பவானி தன் கையால் கட்டிய கம்ப்யூட்டர்

பவானி என் கடைக்குள் நுழைந்த வேகத்திலேயே ஏதோ வம்பு என்று தெரிந்துவிட்டது. மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டு வரைபடம் அச்சடிக்க அடிக்கடி வருகிறவள். அன்றைக்குக் கையில் வரைபடம் இல்லை, ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

"பாய், உன் கம்ப்யூட்டர்ல கீற பவர் சப்ளைய கழட்டிக் குடு. சாயந்தரம் தந்துடறேன்."

"அப்ப நான் கடைய மூடிட்டு இன்னாம்மா பண்றது?"

"என்கூட வந்து டார்ச் புடி," என்றவள், நான் சரி என்பதற்குள் கழற்றவே ஆரம்பித்துவிட்டாள்.

பவானி கொக்கிலமேட்டு மீனவர் குப்பத்துப் பெண். சிவில் டிப்ளமோ படித்தவள். திருப்போரூரில் பார்த்திபன் என்கிற என்ஜினியரின் ஆபீசில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மனை விற்கிற வேகத்தில் அங்கே வேலைக்கு முடிவே கிடையாது. இருட்டின பிறகு பஸ்ஸுக்கு நின்று, வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிவிடுவாளாம். ஒருநாள், போதும் என்று வேலையை விட்டுவிட்டாள். சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினாள். அவள் கணவன் மாயவன் கடலுக்குப் போகிறவன். அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன் செய்தது பெட்டியைத் தோளில் சுமந்து வந்தது மட்டும்தான். ஆனால் "எங்க வூட்டு கம்ப்யூட்டர்" என்று குப்பம் முழுக்கப் பீற்றிக்கொண்டவனும் அவன்தான்.

அவளுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை லோகநாயகி அம்மாவின் வீடு. மீனை ஏலத்தில் எடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிற அந்த அம்மா, வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "கோடு கோடா கீது, எனுக்கு இன்னா தெரியும்? உள்ள பூந்து நடக்கற மாதிரி காட்டு. வெள்ளிக்கெழம வருவேன். இல்லன்னா பார்த்திபன் கைல குடுத்துடுவேன்."

அந்தப் படத்தைச் செய்து முடிக்கிற நேரத்தில்தான் கம்ப்யூட்டர் காலை வாரியது. சுவிட்சைப் போட்டால் எழும், திரையில் கம்பெனி பெயர் தெரியும், பட்டென்று அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும். இப்படியே விடாமல். என் கடைக் கம்ப்யூட்டரில் செய் என்று சொல்லலாம்தான். ஆனால் அது ஆதார் அட்டையை அச்சடிக்கவே மூச்சு வாங்குகிற ஜாதி. லோகநாயகி போய்விட்டால் பவானிக்குத் திரும்பவும் அதே பஸ், அதே பார்த்திபன்.

"ஃபார்மட் போட்டுப் பாரேன்," என்றேன். எந்தக் கோளாறுக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

"விண்டோஸே வர மாட்டேங்குது. எதுல போட்டு ஃபார்மட் பண்றது? சும்மா வா பாய்."

கடையைப் பூட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு உதவி செய்ய என்று சொன்னால் பொய். என் பவர் சப்ளையை விட்டுப் பிரிய மனசு வரவில்லை.

என் பவர் சப்ளையை மாட்டினாள். அப்போதும் அதே கூத்து. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினாள். அதே கூத்து. கிராஃபிக்ஸ் கார்டைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தாள், அதற்கும் மசியவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறி, "தூக்கிக் கடல்ல போடு," என்றேன். அவளோ மதர்போர்டையே பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, ஒரு அட்டையின் மேல் கிடத்தினாள். பவர் பட்டனின் ஒயர் மாட்டுகிற இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டாள்.

எழுந்தது. அணையவில்லை. விண்டோஸ் வந்து, அவள் வைத்திருந்த முருகன் படமும் வந்தது.

"போர்டு நல்லாத்தான் கீது பாய். பொட்டிதான் இன்னாவோ பண்ணுது."

பெட்டியின் முன்பக்க பட்டன்களிலிருந்து வரும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் போர்டில் மாட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டரை முதலிலிருந்து எழுப்புகிற ரீசெட் பட்டனின் ஒயரை மாட்டினதும் படம் பட்டென்று போனது. கழற்றினதும் திரும்பி வந்து அணையாமல் நின்றது. யாரும் தொடாமலே அந்தப் பட்டன் தன்னைத்தானே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"கடல் காத்துல ஊரே துரு புடிக்குது. ஆனா இந்த ஒரு பட்டன் மட்டும் எப்டி பாய் இப்டி ஆவும்?"

அதற்குப் பதில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. மாயவன் படகு என்ஜினைத் தூக்கி வந்து, உப்புப் போக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். என்ஜினைத் துடைத்தவன் அதே ஈரத்துணியோடு உள்ளே வந்தான். காலிப் பெட்டியைப் பார்த்தும் என்ன ஏது என்று கேட்கவில்லை. நேராகப் போய் அதன் முன்பக்கத்தை, பட்டன் இருந்த ஓட்டையைச் சுற்றி, அழுத்தித் துடைத்தான். துணியிலிருந்து ஒரு சொட்டு ஓட்டைக்குள் இறங்கியதை நானே பார்த்தேன்.

"டெய்லி இப்டித்தான் தொடைக்கிறியா?" என்றாள் பவானி.

"ஆமா. உப்புக் காத்து ஆச்சே. உடம்புல உப்பு நின்னா மிஷினு தங்குமா?"

அவள் உள்ளங்கையை நீட்டினாள். அவன் களிம்பைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

"நானா கெடுத்தேன்?"

பவானி வாயைத் திறந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்; நானாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

"இத ஏன்யா தொடைச்ச? யாரு சொன்னது?"

"அந்த என்ஜின் என்ன கரைக்கு இட்டுக்கினு வருது," என்றான் மாயவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "இது உன்ன வூட்டுக்கு இட்டுக்கினு வந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாத்தான் பாத்தேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு, அறுந்த ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றினாள். "ரீசெட் இல்லாமயே ஓடட்டும். அந்தப் போர்ட புடி, ஸ்க்ரூ போடணும்," என்றாள். அவன் இரண்டு கையையும் லுங்கியில் நன்றாகத் துடைத்து உலர்த்திக்கொண்டுதான் தொட்டான்.

வெள்ளிக்கிழமை லோகநாயகி வந்தபோது அவளுடைய வீடு திரையில் தயாராக இருந்தது. பவானி கதவைத் திறந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் கூட்டிப்போனாள். அந்த அம்மா வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவள்.

"இங்க நின்னா தெருவு தெரியுதா?"

"தெரியுதும்மா, தோ பாரு."

பார்த்தாள். திரையில் இருந்த ஜன்னலை விரலால் தொட்டாள். பிறகு பவானியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பூஜ அன்னிக்கி நீயே வந்து அஸ்திவாரத்துக்கு நூல் கட்டு. வேற எவனும் என் மனைல கால் வெக்கக் கூடாது."