உப்புப் பார்க்காமல் வைத்த சொதி

ரோவில் புறநகரிலுள்ள என் சமையற்கூடத்தில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். மனைவி வந்து, "சிவகௌரி டொக்டர் தவறிப்போட்டாவாம்" என்றாள். நித்திரையிலேயே மாரடைப்பு. அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். என்னைக் காப்பாற்றிய மனுசி எனக்கு முன்னால் போவதா?

இந்த அஞ்சலியை வாசிக்கிற உங்களில் பலர் அவரிடம் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள். அவரோடு சண்டை பிடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்குத் தொண்டையின் வலப்பக்கத்தில் புற்றுநோய். இடப்பக்கக் கழுத்து ஸ்கானில் சுத்தம். அங்கும் கதிர் வைத்தால் எச்சில் இன்னும் வற்றும், ருசியும் கெடும். வைக்காவிட்டால், ஸ்கானுக்குத் தெரியாமல் பரவியது ஏதும் இருந்தால் தப்பிவிடும். சமையற்காரனுக்கு நாக்குப் போனால் பிறகென்ன இருக்கிறது?

"இடப்பக்கம் இருக்கா, இல்லையா?" என்றேன்.

"தெரியாது அண்ணை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரியாட்டி என்னத்துக்கு டொக்டர்?"

அவர் கோபிக்கவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "தெரியிறதைச் சுத்திக் கோடு கீறி, தெரியாததுக்கும் கொஞ்சம் இடம் விடுவம். எவ்வளவு விடுறது எண்டதுதான் என்ர வேலை. இடப்பக்கம் இருக்கச் சாத்தியம் குறைவு. ஆனா இல்லையெண்டு சத்தியம் பண்ண மாட்டன்." சக மருத்துவர்களோடும் கதைத்துவிட்டு, இடப்பக்கத்தை விடலாம் என்றார். முடிவை என்னிடமும் கேட்டார்; நானும் சரியென்றேன்.

"உங்களுக்குப் பயமில்லையோ?" என்றேன்.

"ஓம், இருக்கு. அதாலதான் உங்களைத் திருப்பித் திருப்பிக் கூப்பிடப்போறன்."

சிகிச்சை முடிந்தபின் சொன்னபடியே கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் கழுத்தைத் தடவிப் பார்த்தபின், தான் வைத்த தேங்காய்ப்பால் சொதியைப் பிளாஸ்கிலிருந்து ஊற்றித் தருவார். "உப்புக் காணுமோ அண்ணை?" ஐயோ, ஒருநாளும் காணாது, எப்போதும் குறைவுதான்! என் நாக்கின் ருசி போய்விட்டதென்று பயந்து, ஒருமுறை மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி குடித்துப் பார்த்து, "உங்கட நாக்கில ஒரு பிழையுமில்லை. டொக்டருக்குச் சமைக்கத் தெரியாது" என்றாள். அதைச் சொன்னபோது டொக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த முறையும் அதே சொதிதான்.

போன ஞாயிறு அவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை; சமையலை நானே கேட்டு வாங்கினேன். அவருக்குப் படைக்குமுன் ருசி பார்க்கக்கூடாது. உப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொதிச் சட்டிக்கு முன்னால் நின்றேன். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. என் கழுத்தின் படத்துக்கு முன்னால் நீங்களும் இப்படித்தானே நின்றிருப்பீர்கள், டொக்டர்? மனதைத் திடப்படுத்திக்கொண்டு போட்டேன்.

படைத்து முடிந்தபின் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். நீங்கள் தொடாமல் விட்ட இடப்பக்கத்தில் எச்சில் ஊறியது. உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.

உப்புக் காணாது, டொக்டர்.