தூக்குவாளியோடு ஓடியவள்

முழங்கால் வலிக்கு ஆறு மாத ஓய்வு எடுத்த பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் ஓடலாம் என்று டாக்டர் நேற்றுதான் சொன்னார். இன்று காலை கொண்டாப்பூர் பூங்காவில் மெல்ல ஓடத் தொடங்கியதும், கையிலிருந்த ஸ்டீல் பாட்டிலின் தளர்ந்த மூடி கடகடத்தது.

அம்மாவின் தூக்குவாளியும் இப்படித்தான் சத்தம் போடும். அப்போது நாங்கள் செகந்திராபாதில் இருந்தோம், எனக்கு எட்டு வயது. இரண்டு பிள்ளை பெற்றவள் ஓடினால் தெருவே சிரிக்கும் என்று, அம்மா பால் வாங்கப் போவதுபோல வாளியோடு விடியற்காலையில் கிளம்புவாள். மைதானம் வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவின் பழைய கான்வாஸ் ஷூவில் ஓடுவாள். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது என் வேலை.

ஒருநாள் மாடிவீட்டு சரோஜா ஆன்ட்டி எதிரே வந்து நின்றாள். பார்த்தால் அவள் கையிலும் ஒரு வாளி.

“கைக்கு பயப்படறே? நானும் ஓடத்தான் வந்தேன். எங்க வீட்ல சொல்ல நக்கோ” என்றாள் அம்மாவிடம். செகந்திராபாத் உருதுவில் ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.

பேசிக்கொண்டே ஓடியதில் இருவரும் பால் வாங்கவே மறந்துவிட்டார்கள். வீட்டில் அப்பா காலி வாளியைப் பார்த்தார், புழுதி படிந்த ஷூவையும் பார்த்தார். கடுங்காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “நாளையிலேர்ந்து பால் நான் வாங்கிக்கறேன். நீ ஓடிட்டு வா” என்றார்.

இன்று என்னைக் கண்காணிக்கவென்றே பூங்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த அம்மா, பாட்டில் மூடிச் சத்தம் கேட்டுக் கையை நீட்டினாள்.

“அதை இங்க குடுத்துட்டு, வெறுங்கையோட ஓடுடி.”