செல்வினின் காது

செல்வினின் கார் இன்ஜினைக் கெடுத்தது பங்க்கில் போட்ட பெட்ரோல் அல்ல. நான்தான்! இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

வேலை தெரியாமல் செய்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலூரில் இருக்கும் என் ஷெட்டுக்குத் தேனியிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் கார் வருகிறது. டர்போ இல்லாத காருக்கு டர்போ மாட்டி, அதை உடையாமல் ஓட வைப்பதில் இந்தப் பக்கம் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்றும் இதே பெருமைதான் எனக்கு... அதுதான் வினை.

டர்போ, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். வண்டி பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் அழுத்தமும் சூடும் எல்லை மீறினால் உள்ளே பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் படீரென்று வெடிக்கும். அதுதான் நாக்கிங். வெளியே கேட்பது டப்பாவுக்குள் கூழாங்கல்லைக் குலுக்குவது போன்ற சின்னச் சத்தம்தான். உள்ளே பிஸ்டன் அடி வாங்கிக்கொண்டிருக்கும். கேட்ட உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். காற்றழுத்தத்தைக் குறைத்து, தீப்பொறி விழும் நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டும். இழுவை கொஞ்சம் குறையும். குறையட்டும்! இன்ஜின் பிழைக்கும்.

செல்வின் என் பள்ளித் தோழன். பசுமலையில் வாத்தியார், சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவன். பின்வரிசையில் ஒருவர் சுருதி விலகினாலும் சட்டென்று திரும்பிப் பார்ப்பான். அவனுடைய பழைய பெட்ரோல் காருக்கு டர்போ மாட்டினேன். சாலை காலியாக இருக்குமே என்று ஒரு மார்கழி விடியலில் நான்குவழிச் சாலையில் ஓட்டி ஓட்டி செட்டிங் வைத்தேன். குளிர்ந்த காற்று, இன்ஜினும் சொன்னபடி கேட்டது. மதுரை வெயிலில் ஓட வேண்டிய வண்டிக்கு மார்கழிக் குளிரில் செட்டிங் வைப்பவனை என்னவென்று சொல்வது?

பங்குனியில் ஒரு மதியம் செல்வின் வந்தான். இருவருமாக ஓட்டிப் பார்த்தோம்.

"ஏசியப் போட்டு அமுக்குனா என்னமோ கலகலங்குது மாப்ள. கேக்குதா?"

கேட்டது... தெளிவாகக் கேட்டது!

"அது டர்போ சத்தம்டா. ஒனக்குப் பழகல. பாட்டுக் கேக்குற காத வச்சுக்கிட்டு இன்ஜினக் கேக்காத."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த ஞாயிற்றுக்கிழமை கார்ப் பைத்தியங்கள் சிலர் அந்த வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. இழுவையில் இதை மிஞ்ச வண்டியே கிடையாது என்று அவர்களிடம் நானே அளந்துவிட்டிருந்தேன். குறைத்துக் காட்ட மனம் வரவில்லை. அவர்கள் போனதும் குறைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். வந்தார்கள், வாயைப் பிளந்தார்கள், போனார்கள். நான் குறைக்கவில்லை.

சித்திரையில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போனான். உசிலம்பட்டி தாண்டி, கணவாய் ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. பின்னால் ஏறி வந்த லாரிக்காரர் எப்படியோ ஒடித்துத் திருப்பிவிட்டார். அந்த 'எப்படியோ'வில்தான் மூன்று உயிர் தப்பியது.

இன்ஜினைப் பிரித்தேன். பிஸ்டனின் விளிம்பு உடைந்து கிடந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நாக்கிங்தான்.

"வழியில ஏதோ ஒரு பங்க்ல போட்டேன் மாப்ள. அந்தப் பெட்ரோலா இருக்குமோ?"

வாய் கூசாமல் சொன்னேன், "இருக்கும்டா" என்று.

கூலி வாங்காமல் இன்ஜினைச் சரிசெய்து கொடுத்தேன். அதற்காக ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தான். அடடா, நான் எவ்வளவு நல்லவன்!

இப்போது உச்சிவெயிலில், ஏசி போட்டு, சாதாரணப் பெட்ரோலில்தான் செட்டிங் வைக்கிறேன். குறைவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன்; சந்தேகம் வந்தால் இறக்கிவிடுவேன். அதற்குப் பின் என் கைபட்ட ஓர் இன்ஜினும் உடைந்ததில்லை. இதை நெஞ்சை நிமிர்த்தியே சொல்வேன்.

ஆனால் செல்வினிடம் மட்டும் சொல்ல வரவில்லை. என் பெயர் கெட்டுவிடும் என்ற பயமா? அது போனால் போகட்டும்... "அந்த லாரி இடித்திருந்தால்?" என்று அவன் மனைவி கேட்டால் நான் என்ன சொல்வேன்?

போன வாரம் தன் தம்பியின் காரைக் கொண்டுவந்தான். வேலையை முடித்து, அவனைப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை.

"ஏதாச்சும் கேக்குதா, நீயே சொல்லுடா," என்றேன்.

சிரித்தான். "நீ கேட்டாப் போதும் மாப்ள. எனக்கெல்லாம் இன்ஜின் கேக்குற காது இல்ல. நீதான சொன்ன?"

அன்று சரியாகக் கேட்டவன் அவன். கேட்டதை அப்படியே சொன்னவனும் அவன். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்...

"ஆமா," என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினேன்.