பின்னாலிருந்து கூப்பிடுகிறவள்

எங்கள் அம்மா பானுமதி ஆளை வழியனுப்புகிற விதத்தைப் பார்த்தால், அவளுக்கு அனுப்புகிற எண்ணமே இல்லை என்றுதான் தோன்றும். நாம் செருப்பை மாட்டி, கேட்டைச் சாத்தி, நாலு வீடு தாண்டிய பிறகுதான் அவளுக்கு வாய் திறக்கும். நான் என்றால், "கிளி, தண்ணி பாட்டில்?" "கிளி, துப்பட்டா தரையில இழுக்குது பாரு." சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை என்றாலும் விட மாட்டாள். கூப்பிடுவாள், நாம் திரும்புவோம், "ஒண்ணுமில்ல, போ" என்பாள். அதற்காகவே தினமும் ஒரு தடவை திரும்பி நின்றாக வேண்டும்.

கிளம்பிய ஆளைப் பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் உருப்படாது என்பது எங்கள் மூலத்தோப்பில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதனால் எங்கள் தெருவில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பக்கத்து வீட்டு ராசாத்தி அத்தை ஏதாவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், முதலில் ஜன்னல் வழியாக எங்கள் வாசலை நோட்டம் பார்ப்பாள். அம்மா நின்றால் கொல்லைப்பக்கமாகப் போய்ச் சாக்கடையைத் தாண்டிக் குதித்துவிடுவாள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த உடம்பு குதிக்கிற அழகை வேறெங்கும் பார்க்க முடியாது. அதற்காகவே நான் சில நாள் அம்மாவின் நைட்டியை வாசல் கொடியில் ஆள் நிற்பது போலத் தொங்கவிட்டு வைப்பேன்.

அம்மாவுக்கு வேலை பள்ளிக்கூட வேனில். பிள்ளைகளை ஏற்றி இறக்கி, யார் வாந்தி எடுப்பார்கள், யார் அழுவார்கள், யார் அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள் என்று பார்த்துக்கொள்கிற வேலை. வேன் ஆயா என்று பெயர். விடிவதற்கு முன் எழுந்து கிரைண்டரைப் போட்டு, அது மாவாட்டுகிற நேரத்தில் சோறு வடித்து, அண்ணனுக்குக் கட்டி, என்னை எழுப்பி, நான் எழுந்திருக்காததற்குத் திட்டி, தலையை வாரியும் வாராமலும் நிற்கும்போது தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கும். சாயந்தரம் திரும்பி வரும்போது அவள் சேலையில் இரண்டு மூன்று பிள்ளைகளின் மூக்கு துடைத்த தடம் இருக்கும். அதைப் பெருமையாகக் காட்டுவாள்.

வேன் கதைகளைச் சொல்லும்போதுதான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். யூகேஜி படிக்கிற ஒருவன், ஆண்டு விழா முடிந்ததும் அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். "அதுவரைக்கும் வேற யாருக்கும் சரின்னு சொல்லிடாதீங்கன்னு சொல்லிருக்கான்டி" என்று சோற்றைப் பிசைந்தபடி அம்மா சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே காலி வண்டி ஒன்று சங்கிலி கடகடக்கப் போகும். அவள் கை தட்டிலேயே நின்றுவிடும். வாய் லேசாகத் திறக்கும். வண்டிச் சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் அப்படியே இருப்பாள். நானும் அண்ணனும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்.

அப்பா ரத்தினவேல் குட்டி யானை ஓட்டினார். குட்டி யானை என்றால் அந்தச் சின்ன லோடு வண்டி. மண்ணச்சநல்லூர் மில்லில் அரிசி ஏற்றி, பாலக்கரை கடைகளில் இறக்குவார். ஒரு நாள் காலையில் புது மில் ஒன்றில் வாடகைக்குப் பேசி முடிக்கக் கிளம்பினார். சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, பொங்கல் சாப்பிட்டுக் கிளம்பினார். அவர் வண்டியை எடுத்த பிறகு, பிரிட்ஜ் மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்ததை அம்மா பார்த்தாள். எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும்.

நல்ல காரியமாகப் போகிற மனிதரை எப்படிப் பின்னால் கூப்பிடுவது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். தெருமுனையில் அவராகவே சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத் திரும்பி வருவார் என்று நினைத்தாள். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். டோல்கேட் தாண்டி, வாய்க்கால் பாலத்து வளைவில், எதிரே ஒரு லாரி.

தப்பு லாரி மேல்தான் என்று போலீஸ்காரர் சொன்னார். பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். அம்மா எல்லோரையும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "கண்ணாடி போட்டிருந்தா கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

அதற்குப் பிறகுதான் அவள் எல்லோரையும் கூப்பிட ஆரம்பித்தாள். என்னை, அண்ணனை, கேஸ் சிலிண்டர் போடுகிறவரை, வேனிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையையும். அன்றைக்கு முழுங்கிய சத்தம் தொண்டையிலேயே தங்கிவிட்டது போல. விடியற்காலையில் சில நாள் கரண்டியோடு வாசலுக்கு வருவாள். தெருவில் யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள். ஒரு நாய் மட்டும் படுத்திருக்கும். காலித் தெருவைப் பார்த்து வாயைத் திறப்பாள். நாய் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. அண்ணன் இளவரசன் வளர்ந்ததுதான் பழகவில்லை. தோள், நடை, சட்டைக் கையை மடிக்கிற விதம் எல்லாம் அப்பாவாகிக்கொண்டே வந்தது. முன்னால் பார்த்தால் அண்ணன்தான், அரும்பு மீசை, பரு எல்லாம் இருக்கும். பின்னால் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஒரு நாள் காலையில் அவன் கேட்டைத் தாண்டிப் போனபோது அம்மா கூப்பிட்டாள். "இளவரசு" என்று கூப்பிடவில்லை.

"ஏங்க" என்றாள்.

அப்பாவைக் கூப்பிட அவளிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அண்ணன் திரும்பவில்லை. முதுகு மட்டும் நின்றது. அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அதன்பிறகு அந்தச் சொல் அடிக்கடி வந்தது. அண்ணன் சொல்லாமலே கிளம்பப் பழகினான்.

போன மாசம் அவனுக்கு வேலை கிடைத்தது. ஊரில் எத்தனையோ வேலை இருக்க, அவனுக்குக் கிடைத்தது மண்ணச்சநல்லூர் மில்லில் குட்டி யானை ஓட்டுகிற வேலை. அதே ரோடு. மில்காரர் முந்தின நாளே ஓர் ஆளிடம் வண்டியையும் சாவியையும் கொடுத்தனுப்பி, காலையில் வண்டியோடு வந்துவிடச் சொல்லிவிட்டார். வண்டி எங்கள் வாசலில் நின்றது. அம்மா அதைச் சுற்றிப் போய்த்தான் தண்ணீர் பிடித்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

அண்ணன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "நாளைக்கு மட்டும் பின்னாடி கூப்பிடாதம்மா" என்றான்.

"சகுனம் பாக்குறியாடா நீ?"

"சகுனமெல்லாம் இல்ல. நீ கூப்பிட்டா அப்பாவைக் கூப்பிடுற. அந்த ரோட்டுல நான் அப்பாவா போக மாட்டேன்."

அம்மா சரியென்று தலையை ஆட்டினாள். அப்போது எனக்கு எந்தக் கிண்டலும் தோன்றவில்லை. நானே ஆச்சரியப்பட்டேன்.

காலையில் அண்ணன் லைசென்ஸைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான். அம்மா திருநீறு பூசிவிட்டாள். "போயிட்டு வரேம்மா" என்றான். அவள் வேனுக்குக் கட்டுகிற நீலச் சேலையில் வாசலில் நின்றாள். உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். வண்டி நகர்ந்தது. கடைசி வீட்டு முன்னால் தண்ணி லாரி நின்றதால் ஊர்ந்துதான் போனது. அவள் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். விளக்கைத் தணிக்க உள்ளே போனவள் அப்படியே நின்றாள்.

சாமி படத்துக்கு முன்னால் லைசென்ஸ் இருந்தது. கும்பிட்டவன் எடுக்க மறந்துவிட்டான்.

அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அதே வாசல். நகர்கிற வண்டி, கையில் விட்டுப்போன சாமான். அவள் முகத்தை நான் பார்த்தேன். இந்த நிமிஷத்துக்குள் அவள் நாலு வருஷமாக நின்றுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. நான் கூப்பிடுகிறேன் என்று மூச்சை இழுத்தேன். ஒரு கையால் என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் தன் வாயையும் பொத்தினாள்.

பிறகு ஓடினாள்.

தெருவழியாக இல்லை. ராசாத்தி அத்தை வீட்டுப் பக்கச் சந்தில் புகுந்து, கொல்லையில் நுழைந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையைத் தாண்டி, சாக்கடையையும் தாண்டி ஓடினாள். முட்டி வலி என்று மாடிப்படி ஏறாதவள். பின்னால் ஓடிய நான் அவளைக் கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் எனக்கே பயமாகத்தான் இருந்தது.

சந்து மெயின் ரோட்டில் போய் முடியும். வண்டி சுற்றிக்கொண்டு அங்கே வருவதற்குள் அம்மா ரோட்டு நடுவில் போய் நின்றுவிட்டாள். பின்னால் கூப்பிட மாட்டேன் என்றுதானே தலையாட்டியிருந்தாள். முன்னால் வந்துவிட்டாள். அண்ணன் பிரேக் போட்டான். வண்டி மூக்கு அவள் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் நேராக, முகத்தைப் பார்த்து, "ஏங்க" என்றாள்.

எங்கள் பின்னாலேயே வந்த ராசாத்தி அத்தைதான் முதலில் பேசினாள். "அடிப்பாவி, பின்னால கூப்பிட்டிருந்தாக்கூடத் தேவலையே. நீ போய் எதுத்தாப்புல வந்து நிக்கிறியேடி."

அப்போதுதான் அம்மாவுக்கு அது பட்டது. புருஷன் இல்லாதவள் எதிரே வரக்கூடாது. அதற்காகத்தான் அவள் இத்தனை நாளும் எல்லோருக்கும் பின்னாலேயே நின்றாள். யாராவது கிளம்பினால் கதவுக்குள் ஒதுங்கி, அவர்கள் போன பிறகுதான் வாசலுக்கு வருவாள். இப்போது பெற்ற பிள்ளையின் முதல் நாளில், வண்டிக்கு முன்னால் நிற்கிறாள். லைசென்ஸைப் பேனட் மேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரமாக ஒதுங்கப் பார்த்தாள்.

அண்ணன் இறங்கி வந்தான். லைசென்ஸை எடுத்துப் பையில் வைத்தான். இந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறும்மா."

"வேன் வந்துரும்டா."

"கிளி போவா."

"எனக்கு அந்த ரோடு வேண்டாம்டா. நான் அந்தப் பக்கமே போனதில்ல."

"நானுந்தான் போனதில்ல" என்றான் அண்ணன்.

அம்மா ராசாத்தி அத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஏறினாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டு, அம்மாவின் சேலை முந்தானை கதவில் மாட்டியிருந்ததை எடுத்து உள்ளே விட்டாள்.

நான் வேனுக்குப் போனேன். டிரைவர் அழகிரி மாமா என்னைப் பார்த்து, பிள்ளைகள் பாவம் என்றார். யூகேஜி மாப்பிள்ளை என்னிடம் பேசவே இல்லை. பள்ளிக்கூட வாசலில் எல்லோரையும் இறக்கிவிட்டேன். எல்லாம் ஓடிவிட்டன. லிசி என்கிற குட்டி மட்டும் நாலு அடி நடந்து, திரும்பாமல் அப்படியே நின்றது. என்னடி என்று கேட்டேன்.

"ஆயாம்மா இன்னும் கூப்பிடலயே" என்றாள் முன்னால் பார்த்தபடியே.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "லிசி" என்றேன். திரும்பினாள். "ஒண்ணுமில்ல, போ." போனாள்.

அந்த ரோட்டில் நடந்ததை அண்ணன்தான் சாயந்தரம் சொன்னான். கொள்ளிடம் பாலம் வரைக்கும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். டோல்கேட் தாண்டியதும் எந்த இடம் என்று கேட்டிருக்கிறாள். போலீஸ்காரர் சொல்லியிருந்த வாய்க்கால் பாலத்து வளைவைக் காட்டியிருக்கிறான். நிறுத்தச் சொல்லி இறங்கினாளாம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வளைவு ஓரத்தில் நின்று, முன்னால் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு நன்றாகச் சத்தம் போட்டு, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டிருக்கிறாள்.

"ஏங்க. கண்ணாடிய வச்சிட்டுப் போறீங்க."

தூரத்தில் மொபெட்டில் போய்க்கொண்டிருந்த ஓர் ஆள் வண்டியை நிறுத்தினானாம். காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தானாம். வெயில் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டுப் போய்விட்டானாம். யாரோ தன்னைக் கூப்பிட்டதாக நினைத்திருப்பான் என்றான் அண்ணன்.

மில்லில் மூட்டை ஏற்றுகிறவரைக்கும் அம்மா ஓரமாக உட்கார்ந்து, அங்கே வேலை செய்கிற பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாளாம். லோடு ஏறியதும் வண்டியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தூங்கிவிட்டாள். தலை கதவில் இடிக்க இடிக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம். திரும்பும்போது அந்த வளைவு வந்ததும் அவளை எழுப்பலாமா என்று அண்ணன் யோசித்தானாம். வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு, எழுப்பாமலே வந்துவிட்டான்.