மூத்த சாட்சி

அரசாங்கப் பதிவுக் கந்தோரில்தான் அந்தப் பெரியவரை முதலில் கண்டேன். உப்புக் காற்றில் கறுத்த முகம், பழுப்பேறிய தொப்பி. பள்ளிவாசலுக்குள் போவதுபோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டே உள்ளே வருவார். குறிஞ்சிப்பிட்டியில் பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் பாஸ்போட் எடுக்க, அவர்கள் பிறந்ததற்குச் சாட்சி சொல்லிக் கைநாட்டு வைப்பவர் அவர்தான். எனக்கும் வைத்தார்.

பிறகொரு நாள் நான் அங்கே போனபோது, தனக்காக வந்திருந்தார். மக்காவுக்கு உம்றாப் பயணம் போக ஆசை. அவருக்கும் பதிவு இல்லை.

"உங்களை விட மூத்த சாட்சி வேணும்," என்றார் அதிகாரி.

"மூத்தாக்கள் எல்லாம் மவுத்தாப் போயிட்டாங்களே, மகன்."

"அப்ப ஏலாது."

வெளியே வந்து அவர் செருப்பை மாட்டும்போது ஒரு பெண் ஓடிவந்தாள். "மாமா, எனக்குச் சாட்சி சொல்லோணும், வாங்க."

அவர் ஏன் மறுக்கவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மறுபடி செருப்பைக் கழற்றினார். அதே அதிகாரி, நிமிர்ந்தும் பாராமல், மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.